பெங்களூரில் வாடகை தராத குடித்தனக்காரரிடமிருந்து வீட்டைச் சட்டப்படி மீட்பது எப்படி?

பெங்களூரில் சொந்த வீட்டின் மேல்மாடியையோ, வங்கிக் கடனில் வாங்கிய அபார்ட்மெண்ட் ஒன்றையோ வாடகைக்கு விட்டு, அந்த வாடகையை நம்பியே தவணை கட்டுகிற தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வாடகை நின்றுபோனதும் அவர்கள் காதில் விழும் யோசனைகள் பெரும்பாலும் இரண்டுதான்: கரண்டை நிறுத்துங்கள், அல்லது போலீசில் சொல்லுங்கள். இரண்டாலும் வீடு திரும்பி வராது. முதல் யோசனை உங்களையே பிரதிவாதி ஆக்கிவிடக் கூடியது. அல்சூரில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான வீட்டின் முதல் மாடிக்காக நோட்டீஸ் முதல், தீர்ப்பை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வரை எல்லாக் கட்டங்களையும் கடந்து வந்தவன் என்ற முறையில், புதிதாக இதில் இறங்குபவர்கள் எதை எப்போது செய்ய வேண்டும், என்னென்ன காகிதங்கள் வேண்டும், பணம் எங்கெங்கே செலவாகும் என்பதை இங்கே வரிசைப்படுத்துகிறேன். இது குடியிருப்பு வீடுகளுக்கான வழிகாட்டி. கடை, அலுவலகம் போன்றவற்றுக்கு வணிக நீதிமன்றச் சட்டமும், வழக்குக்கு முந்தைய கட்டாய சமரசமும் குறுக்கே வரக்கூடும் என்பதால் அவற்றை இதில் சேர்க்கவில்லை.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கின் மையம் வீடாக இருக்க வேண்டும். வாடகைப் பாக்கி அதன் பின்னால் வரும் துணைக் கோரிக்கை. பாக்கியை மையமாக வைத்து வழக்கைக் கட்டினால், "ரொக்கமாகக் கொடுத்தேன்", "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னார்", "குழாயைச் சரிசெய்ய நான் செலவழித்தேன்" என்று எதிர்த்தரப்பு எழுப்பும் ஒவ்வொரு வாதத்துக்கும் சாட்சியும் குறுக்கு விசாரணையும் தேவைப்படும். குடியிருப்பு உரிமை நோட்டீஸ் மூலம் முடிந்துவிட்டது என்பதை மையமாக வைத்தாலோ, அந்த வாதங்களில் பெரும்பாலானவை வீட்டைக் காலி செய்வதற்குத் தொடர்பற்றவை ஆகிவிடும்.

1. எந்தச் சட்டம் பொருந்தும் என்று பாருங்கள்

கர்நாடக வாடகைச் சட்டம், 1999 என்று ஒன்று இருக்கிறது. அது 2001 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் பெங்களூர் மாநகரில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. இன்றைய வாடகை நிலவரத்தில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கின்றன. அவற்றுக்குப் பொருந்துவது சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882. தாத்தா காலத்திலிருந்து சில நூறு ரூபாய் வாடகையில் குடியிருப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அது வேறு நடைமுறை. அதற்குத் தனியாக வழக்கறிஞரைப் பாருங்கள்.

நம்மவர்கள் தவறாமல் குழம்பும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 முதல் நடைமுறைக்கு வந்து, வாடகை ஆணையம், வாடகை நீதிமன்றம், ஒப்பந்தப் பதிவெண் என்றெல்லாம் ஏற்பாடுகள் அமைந்திருக்கின்றன. சென்னையிலோ சேலத்திலோ இருக்கும் மைத்துனர் அந்த அனுபவத்தை வைத்து யோசனை சொல்வார். அதில் ஒரு வரிகூடப் பெங்களூர் வீட்டுக்குப் பொருந்தாது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டமும் பெயருக்கேற்ப மாதிரிதான்; ஒரு மாநிலம் அதைத் தன் சட்டமாக இயற்றிக்கொண்டால்தான் அங்கே செல்லுபடியாகும்.

அடுத்து, உங்கள் ஒப்பந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 11 மாத ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்காமலே வாடகை வாங்கிக்கொண்டிருந்தால், அது மாதாமாதம் தொடரும் வாடகையாகக் கருதப்படும். வாய்மொழி ஏற்பாடும் அப்படியே. ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு எழுதி, பதிவு செய்யாமல் விட்ட ஒப்பந்தத்தை அந்தக் கால அளவுக்கான சான்றாக நீதிமன்றம் ஏற்காது. அதுவும் பெரும்பாலும் மாத வாடகையாகவே முடியும். இவை எல்லாவற்றையும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீஸில் முடிவுக்குக் கொண்டுவரலாம்; காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் ஒப்பந்தத்திலேயே ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் நோட்டீஸ் என்று எழுதியிருந்தால் அந்தக் காலத்தையே கொடுங்கள்.

பதிவு செய்த, பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருந்தால் நிலைமை சற்றுக் கடினம். வாடகை தவறினால் ஒப்பந்தத்தை ரத்துசெய்யலாம் என்ற நிபந்தனை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதியிருந்தாலும், விசாரணையின்போது குடித்தனக்காரர் பாக்கியை வட்டியோடும் வழக்குச் செலவோடும் கட்ட முன்வந்தால், 114ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அவரைத் தொடர்ந்து இருக்க அனுமதிக்கலாம்.

மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் விடும் போக்கிய ஏற்பாடு, பெங்களூரில் பேச்சுவழக்கில் லீஸ் என்று சொல்லப்படுவது, இந்தக் கட்டுரைக்குள் வராது. அங்கே தொகையைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டைக் கேட்க முடியாது.

2. கோபத்தில் செய்யக் கூடாதவை

மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிக்காதீர்கள். மின்சாரம் அடிப்படை வசதி, அதை ஒருவருக்கு மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் சொல்லியிருக்கிறது. பெஸ்காம் மின் இணைப்பு உங்கள் பெயரில் இருந்து, குடித்தனக்காரர் கட்டணத்தையும் கட்டாமல் விட்டால், வயிற்றெரிச்சலோடுதான் என்றாலும் நீங்களே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அது பாக்கித் தொகையில் சேரும். அபார்ட்மெண்ட் சங்கத்திடம் சொல்லி லிஃப்ட் அட்டையை முடக்குவது, வாகனத்தை வாசலில் தடுப்பது போன்றவையும் இதே வகைதான்.

பூட்டை மாற்றாதீர்கள். ஒருவரைச் சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றினால், குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் அவர் 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து, வீட்டு உரிமை யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லாமல், உள்ளே திரும்பி வரலாம். அதோடு அத்துமீறல் புகாரும் சேர்ந்துகொண்டால், அதன்பின் பேச்சுவார்த்தையில் அவர் கை ஓங்கிவிடும். "பேசி முடித்துத் தருகிறோம்" என்று வரும் ஆட்களிடம் பணம் கொடுப்பதும் இதில் அடக்கம்.

காவல் நிலையத்தைப் பொறுத்தவரை, வாடகை தராமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது என்பதை 2022இல் நீத்து சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. எனவே "சிவில் விவகாரம்" என்று ஆய்வாளர் திருப்பி அனுப்பினால் அவர் சொல்வது சரியே. மிரட்டல், அடிதடி, சொத்துச் சேதம் நடந்தால் மட்டும் எழுத்துப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனுக் கொடுக்கலாம் என்று வயதான பெற்றோரை அலையவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சட்டம் பிள்ளைகளையும் உறவினர்களையும் பற்றியது, குடித்தனக்காரரைப் பற்றியது அல்ல.

3. காகிதங்களைத் திரட்டுங்கள்

நீதிமன்றத்தில் நீங்கள் நிரூபிக்க வேண்டியவை மூன்று: அவர் உங்கள் குடித்தனக்காரர் என்பது, வாடகைச் சட்டம் இந்த வீட்டுக்குப் பொருந்தாது என்பது, நோட்டீஸ் முறைப்படி போய்ச் சேர்ந்தது என்பது. இந்த மூன்றையும் தாங்கும் காகிதங்கள் இருந்தால் போதும். மற்றவை கோப்பைத் தடிமனாக்கும், அவ்வளவே.

கிரயப் பத்திரம், காத்தா (சொத்து வரிப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பதற்கான சான்று), கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தத்தின் அசல், அட்வான்ஸ் வாங்கியதற்கான சான்று, வாடகை வந்த வங்கிக் கணக்கின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். வங்கிப் பட்டியல்தான் இவற்றில் மிகப் பயனுள்ளது. ஒவ்வொரு மாதமும் 25,000 ரூபாய் ஒரே பெயரிலிருந்து வந்திருந்தால், குடித்தன உறவும் வாடகைத் தொகையும் ஒரே காகிதத்தில் நிரூபணமாகிவிடும். மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் இருந்து அவர் வரி பிடித்தம் செய்திருந்தால், உங்கள் 26ஏஎஸ் படிவத்திலும் அது தெரியும்.

ஒப்பந்தத்தின் முத்திரைத் தாளைக் கவனியுங்கள். எத்தனை ரூபாய்த் தாள் போதும் என்று தரகர் சொன்னதைக் கேட்டு எழுதிய ஒப்பந்தங்கள் பலவற்றில் முத்திரைத் தீர்வை குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட ஆவணத்தை நீதிமன்றம் பிடித்துவைத்து, குறைந்த தொகையையும் அதன் 10 மடங்கு அபராதத்தையும் கட்டச் சொல்லும். 11 மாத ஒப்பந்தத்தில் இது தாங்கக்கூடிய தொகைதான். நீண்டகால ஒப்பந்தத்தில் வயிற்றைக் கலக்கும். குடித்தன உறவை வங்கிப் பட்டியல், வாட்ஸ்அப் செய்திகள், அவர் அனுப்பிய பதில் நோட்டீஸ் ஆகியவற்றைக் கொண்டே நிறுவ முடியுமா என்று வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளைப் பொறுத்தவரை, ஸ்கிரீன்ஷாட்டை அச்சிட்டுக் கொடுத்தால் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்துக்கு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் இணைக்க வேண்டும். ஒன்றில் நீங்களும் மற்றொன்றில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். செய்திகள் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் பொது அதிகார ஆவணம் வேண்டும். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதிகாரம் பெற்றவர் தனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டுமே சாட்சியாகச் சொல்ல முடியும். உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்ததை அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. அதனால் வாடகை பேசியதும் வாங்கியதும் அம்மாவாக இருந்தால், அதிகாரத்தையும் அவருக்கே கொடுப்பது நல்லது. பல வாரிசுகள் கூட்டாக உரிமையாளர்களாக இருந்தால், மற்றவர்கள் எதிர்க்காத வரை ஒருவரே வழக்குத் தொடுக்கலாம். இருந்தாலும் நோட்டீஸிலேயே எல்லோர் பெயரையும் சேர்த்துவிடுவது பின்னால் வரும் வாதத்தைத் தவிர்க்கும்.

4. அட்வான்ஸ் கணக்கை இன்றே போடுங்கள்

பெங்களூரில் 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் இன்றும் பல பகுதிகளில் இருக்கிறது. புதிய அபார்ட்மெண்ட்களில் அது குறைந்துவருகிறது. பெரிய அட்வான்ஸ் கையில் இருப்பதாலேயே உரிமையாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்துவிடுகிறார்கள். 25,000 ரூபாய் வாடகைக்கு 2,50,000 அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 6 மாதப் பாக்கி 1,50,000. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்தால் மீதி 75,000. அதாவது இன்னும் 3 மாதத்துக்குத்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. 15 நாள் நோட்டீஸும், வழக்கும், எதிருரையும் சேர்ந்தால் அந்த 3 மாதம் எங்கே போனதென்றே தெரியாது.

ஆகவே இரண்டாவது மாத வாடகை வராதபோதே நோட்டீஸ் அனுப்பும் முடிவை எடுங்கள். இது கொடுமை என்று தோன்றலாம். நோட்டீஸ் அனுப்பிவிட்டு மனம் இறங்கிக் காத்திருக்கலாம்; காத்திருந்துவிட்டு, அனுப்பாமல் போன நோட்டீஸை முன்தேதியிட்டு அனுப்ப முடியாது.

"அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கேட்டால் போனில் "சரி" சொல்லாதீர்கள். அட்வான்ஸ், வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும் நாளில்தான் கணக்குப் பார்க்கப்படும் என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

5. நோட்டீஸ்

எனக்குத் தெரிந்து தோற்ற வழக்குகளும், முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்த வழக்குகளும் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கியிருக்கின்றன; ஆகவே இந்தப் படிக்கு மட்டும் எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும்.

சட்டம் நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளரோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்கிறது. வழக்கறிஞர் மூலம் அனுப்புவதே வழக்கம். அதில் வீட்டின் முழு முகவரி, மாடி, நான்கு எல்லை, வாடகை தொடங்கிய நாள், மாத வாடகை, அட்வான்ஸ், எந்த மாதம் முதல் பாக்கி என்ற விவரங்கள் இருக்கட்டும். அதன்பின் தெளிவான ஒரு வாக்கியம் வேண்டும்: இந்த நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் முடிவில் உங்கள் குடியிருப்பு உரிமையை முடிவுக்குக் கொண்டுவருகிறேன், அதற்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். பாக்கியைக் கட்டச் சொல்வதும், அந்த 15 நாளுக்குப் பிறகு தங்கினால் நாள் ஒன்றுக்கு அல்லது மாதத்துக்கு இவ்வளவு இழப்பீடு என்று சொல்வதும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வரலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "பாக்கியை 15 நாளுக்குள் கட்டாவிட்டால் காலி செய்ய வேண்டும்" என்று நிபந்தனையோடு எழுதிய நோட்டீஸ்களை நிறையப் பார்க்கலாம். அது பாக்கி கேட்கும் கடிதம் ஆகிவிடுகிறது. குடித்தனக்காரர் ஒரு மாத வாடகையை அனுப்பிவிட்டு, உரிமை முடியவே இல்லை என்று வாதாடுவார். உரிமையை முடிக்கும் வாக்கியத்தோடு எந்த நிபந்தனையையும் ஒட்டாதீர்கள்.

15 நாள் என்பது நோட்டீஸ் அவருக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நோட்டீஸில் எழுதிய காலம் குறைந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போகாது. முழு 15 நாளும் கடந்தபின் வழக்குத் தொடுத்திருந்தால் போதும். இருந்தாலும் ஒரு வாரம் கூடுதலாக விட்டு வழக்குத் தொடுப்பது பாதுகாப்பு.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். சட்டம் அஞ்சலை ஏற்கிறது. நேரில் அவரிடமோ, அந்த வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ, வேலையாளிடமோ கொடுப்பதையும் ஏற்கிறது. அது இயலாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவதையும் ஏற்கிறது. பதிவுத் தபால் சேவையை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். எனவே கவுண்டரில் வெறும் ஸ்பீடு போஸ்ட் என்று சொல்லாமல், பதிவும் டெலிவரிக்கான சான்றும் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் இருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். அவர் வேலை பார்க்கும் அலுவலக முகவரிக்கும் ஒரு படி போகட்டும். மானத்துக்கு அஞ்சியாவது சிலர் பேச வருவார்கள்.

"வாங்க மறுத்தார்", "கதவு பூட்டியிருந்தது" என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காதீர்கள். பிரிக்காத அந்த உறைதான் சான்று. சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய அஞ்சல் போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். அஞ்சல் துறை இணையதளத்தில் தெரியும் டெலிவரி விவரத்தையும் உடனே அச்சிட்டு வையுங்கள், சில மாதங்களில் அது காணாமல் போய்விடும். வாட்ஸ்அப்பில் ஒரு படி அனுப்புவது நல்லதே, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

நோட்டீஸுக்குப் பிறகு பணம் வந்தால் என்ன செய்வது? யூபிஐ வந்தபின் இது பெரிய தொல்லை ஆகிவிட்டது. அவர் நள்ளிரவில் 5,000 ரூபாய் அனுப்பி, "வாடகை" என்று குறிப்பு எழுதிவிடுவார். பிறகு நோட்டீஸை நீங்களே கைவிட்டுவிட்டதாகச் சொல்வார். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அன்றே, "நோட்டீஸின்கீழ் எனக்குள்ள உரிமைகளுக்குப் பாதகமின்றி, பாக்கிக்கும் வீட்டைப் பயன்படுத்தியதற்கான இழப்பீட்டுக்கும் ஈடாக இதை வரவு வைக்கிறேன்" என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். புதிய ஒப்பந்தம், வாடகை ரசீது, "இனி ஒழுங்காகக் கட்டுகிறேன்" என்ற பேரில் புது ஏற்பாடு, இவற்றில் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

நோட்டீஸ் போனதும் பல குடித்தனக்காரர்கள் செய்யும் முதல் வேலை, உரிமையாளர் பலவந்தமாக வெளியேற்றப் பார்க்கிறார் என்று இடைக்காலத் தடை கேட்டு வழக்குப் போடுவது. உங்களைக் கேட்காமலே உத்தரவு பிறப்பிக்கப்படுவதைத் தவிர்க்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்கீழ் கேவியட் மனு தாக்கல் செய்யலாம். அது 90 நாள் வரை செல்லும், செலவும் குறைவு. தடை வழக்கு வந்தேவிட்டாலும் கலங்க வேண்டாம். சட்ட நடைமுறைப்படி அல்லாமல் வெளியேற்ற மாட்டேன் என்று நீங்கள் அந்த நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் அந்த வழக்கில் முடிவு செய்ய வேறொன்றும் இருக்காது. தான் குடித்தனக்காரர் என்று அவரே அதில் எழுதியிருப்பதால் உங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

6. வழக்குக்கு முன் ஒரு பேச்சு

நோட்டீஸ் காலம் முடிவதற்குள் ஒருமுறை பேசிப் பாருங்கள். இரண்டு மாதப் பாக்கியை விட்டுக்கொடுத்தால் இந்த மாதக் கடைசியில் காலி செய்வார் என்றால், என் கருத்தில் அது லாபம். 50,000 ரூபாயை விட்டுக்கொடுப்பது வலிக்கும்; ஆனால் வழக்கு நடக்கும் ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் அதே 50,000 வராமல் நிற்கும், வழக்கறிஞர் கட்டணம் அதற்கு மேல். குழந்தைகள் உள்ள குடும்பமாக இருந்தால், பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரல், மே மாதங்களைக் கெடுவாகக் கேட்பார்கள். நியாயமான கோரிக்கை என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் முத்திரைத் தாளில் எழுதி வாங்கும் உறுதிமொழியை நம்பி நிற்காதீர்கள். அவர் மீறினால், அந்தத் தாளை வைத்து வீட்டைக் காலி செய்ய முடியாது, மீண்டும் வழக்குத்தான். ஒப்பந்தத்தை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிவாக்கினால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன்படி அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே அங்கே போகலாம். எச். சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுலா கட்டடத்தில், லோக் அதாலத்தை நடத்தும் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. வழக்கு தொடுத்த பின் நீதிமன்றம் அனுப்பும் சமரச மையமும் அங்கேதான். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: உரிமையாளர் பெண்ணாக இருந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவி கேட்க அவருக்கு உரிமை உண்டு.

7. வழக்குத் தொடுத்தல்

பெங்களூரில் இவ்வகைக் காலி செய்யும் வழக்குகள் பொதுவாகச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தாக்கலாகின்றன. வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மேயோ ஹால் வளாகமா, நகர நீதிமன்ற வளாகமா என்று மாறும்; ஆனேக்கல் பக்கத்து வீடுகள் இவ்விரண்டுக்கும் வெளியே போகும். தவறான நீதிமன்றத்தில் போட்டால் வழக்குரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், மாதங்கள் வீண். வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த நீதிமன்றத்தில் காலி செய்யும் வழக்குகளை அன்றாடம் நடத்துபவரா என்று மட்டும் விசாரியுங்கள். தமிழ் பேசுவாரா என்பது இரண்டாம்பட்சம்.

நீதிமன்றக் கட்டணம் வீட்டின் சந்தை மதிப்பில் கணக்கிடப்படுவதில்லை. கர்நாடக நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய ஓர் ஆண்டு வாடகைதான் அடிப்படை. 25,000 ரூபாய் வாடகை என்றால் 3,00,000 ரூபாய் மதிப்பீட்டுக்கான கட்டணம். கேட்கும் பாக்கித் தொகைக்குத் தனிக் கட்டணம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்குக் கட்டணம் எவ்வளவோ என்று பயந்து வழக்கையே தள்ளிப்போட்டவர்கள் உண்டு.

வழக்கறிஞர் கட்டணத்தை முதல் நாளிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். நோட்டீஸ், வழக்குரை, சாட்சி விசாரணை, வாதம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது. நீதிமன்றக் கட்டணமும் அழைப்பாணைச் செலவும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். தீர்ப்புக்குப் பின், அதைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு அனேகமாக அதில் அடங்காது.

காலத்தைப் பொறுத்தவரை, கோடை விடுமுறையைக் கணக்கில் கொள்ளுங்கள். மார்ச்சில் நோட்டீஸ் அனுப்பி ஏப்ரல் கடைசியில் தாக்கல் செய்யப் போனால், அழைப்பாணை போவதற்கே ஜூன் ஆகிவிடும். பாக்கி வாடகையைக் கேட்க 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு. அதற்கு முந்தைய பாக்கி போனது போனதுதான்.

8. வழக்கு நடக்கும்போது

தாக்கலானதும் வழக்குக்குக் கிடைக்கும் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஈகோர்ட்ஸ் செயலியில் அதை இட்டால் அடுத்த வாய்தா, அன்றைய உத்தரவு எல்லாம் தெரியும். வழக்கறிஞரை நச்சரிக்க வேண்டியதில்லை.

எதிருரை வந்ததும் அதை நிதானமாகப் படியுங்கள். நான் குடித்தனக்காரர்தான், வாடகை இவ்வளவுதான், நோட்டீஸ் கிடைத்தது என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 12, விதி 6இன்கீழ், ஒப்புதலின் அடிப்படையிலேயே தீர்ப்புக் கேட்டு மனுப் போடலாம். முழு விசாரணையும் இல்லாமல் காலி செய்யும் தீர்ப்பாணை கிடைக்க இதுவே குறுக்கு வழி. பாக்கியையும் இழப்பீட்டையும் பின்னால் விசாரிக்கட்டும். எல்லா வழக்கறிஞர்களும் தாமாக இதைச் சொல்வதில்லை, நீங்கள் கேளுங்கள். வழக்கு நிலுவையில் உள்ளபோது மாதாமாதத் தொகையை நீதிமன்றத்தில் கட்ட உத்தரவிடும்படியும் தனி மனுக் கொடுக்கலாம்.

வீட்டை எனக்கு விற்பதாகச் சொல்லி முன்பணம் வாங்கினார் என்று புதுக்கதை வந்தால் அதிர வேண்டாம். குடித்தனக்காரராக உள்ளே வந்தவர், குடியிருக்கும் காலத்தில், அந்தக் குடித்தனம் தொடங்கியபோது உரிமையாளருக்கு உரிமை இருந்ததையே மறுக்க முடியாது என்பது சாட்சியச் சட்டம். கிரய ஒப்பந்தத்தைக் காட்டி வீட்டைக் கையில் வைத்திருப்பதற்கும் 2001க்குப் பிறகு பதிவு செய்த ஆவணம் தேவை.

9. தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பில் காலி செய்ய ஒரு கெடு கொடுப்பார்கள். அதற்குள் அவர் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே அவர் தடை கேட்டால், இன்றைய சந்தை வாடகையைக் கட்டும் நிபந்தனையோடுதான் தடை தர வேண்டும் என்று உடனே கேளுங்கள். ஆத்மா ராம் பிராபர்ட்டீஸ் வழக்கில் 2004 இறுதியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு ஆதாரம். பழைய 25,000க்குப் பதிலாக 40,000 கட்ட வேண்டி வந்தால், மேல்முறையீட்டின் மேல் இருந்த ஆர்வம் குறைந்துவிடும்.

கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் நிறைவேற்று மனு. நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் ராகுல் எஸ். ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; அந்த வழக்கே பெங்களூர் நிலம் பற்றியது. உங்கள் மனு இழுத்தால் அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். வீடு பூட்டியிருக்கும், எதிர்ப்பு வரும் என்று தெரிந்தால், பூட்டை உடைக்கவும் காவல் துறை உதவிக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அமீனா வாசல்வரை வந்து, "பூட்டியிருக்கிறது" என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார்.

அமீனா வரும் நாளுக்குப் பூட்டுத் திறப்பவர், சாமான் இறக்க ஆட்கள், புதுப் பூட்டு, மகஜரில் (அங்கே நடந்ததையும் இருந்ததையும் எழுதும் அறிக்கை) கையெழுத்திட அக்கம்பக்கத்து இரண்டு சாட்சிகள் ஆகியோரை நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒவ்வோர் அறையையும், மின் மீட்டர் அளவையும் காணொளி எடுங்கள். உள்ளே இருக்கும் ஒரு தட்டுமுட்டுச் சாமான்கூட மகஜரில் விட்டுப்போகக் கூடாது.

10. பூட்டிவிட்டுப் போய்விட்டால்

சிலர் சாமான்களோடு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், போன் அணைந்திருக்கும். உங்கள் கையில் மாற்றுச் சாவி இருந்தாலும் திறக்காதீர்கள். திறந்தால், உள்ளே பத்துச் சவரன் நகை இருந்தது என்ற புகார் வரும். ஒப்பந்தத்தில் உள்ள சொந்த ஊர் முகவரிக்கும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பி, கதவில் ஒட்டி, புகைப்படம் எடுத்து, வழக்கை வழக்கமான பாதையிலேயே கொண்டுபோங்கள். அவர் வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு விரைவில் கிடைக்கும் என்பது ஒன்றே ஆறுதல். சாவியைத் தானாக அனுப்பிவிட்டால், "காலி செய்து ஒப்படைத்துவிட்டேன், உள்ளே என் பொருள் எதுவும் இல்லை" என்ற எழுத்து ஒப்புதல் வாங்கிய பின் திறங்கள்.

11. பாக்கிப் பணமும் வருமான வரியும்

வீடு வந்த பிறகு அட்வான்ஸைக் கணக்குப் பார்த்து, கழித்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீதோடு அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். மீதி தர வேண்டியிருந்தால் வங்கி மூலம் கொடுங்கள். அவர் தர வேண்டியிருந்தால், தீர்ப்பாணைப் பணத்தை 12 ஆண்டுக்குள் நிறைவேற்று மனு மூலம் வசூலிக்கலாம். வங்கிக் கணக்கை முடக்கவும், சம்பளத்தில் சட்டம் அனுமதிக்கும் பகுதியைப் பிடித்தம் செய்யவும் கேட்கலாம். அவர் எங்கே வேலை பார்க்கிறார், எந்த வங்கியிலிருந்து வாடகை அனுப்பினார் என்ற விவரங்கள் அப்போது வேண்டியிருக்கும். அவை உங்கள் பழைய வங்கிப் பட்டியலிலேயே இருக்கும்.

கைக்கு வராத வாடகைக்கு வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் நிபந்தனைகள் உண்டு: குடித்தனம் உண்மையானதாக இருக்க வேண்டும், அவர் காலி செய்திருக்க வேண்டும் அல்லது காலி செய்ய வைக்க நீங்கள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், உங்களுடைய வேறு வீட்டில் அவர் குடியிருக்கக் கூடாது, வசூலிக்கச் சட்ட நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், அல்லது எடுத்தும் பயனிருக்காது என்று அதிகாரிக்கு எடுத்துக்காட்ட வேண்டும். நோட்டீஸின் படியும் வழக்கு எண்ணும் இதற்குப் போதுமான சான்றாகும் என்பதால், கணக்காளரிடம் அவற்றை அந்த ஆண்டுக் கணக்கு தாக்கலுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பின்னாளில் அந்தப் பாக்கி வசூலானால், வசூலான ஆண்டின் வருமானமாகக் காட்ட வேண்டும். அதில் 30 சதவீதம் கழிவு உண்டு.